ஈரச் சிமெண்டு

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கிய அவசரகாலத்தில் முள்வேலி போட்ட கோலசிலாங்கூர் தோட்ட லயத்தில், அங்கம்மா கீரைப் பாத்தியிலிருந்து வாசலுக்கு நடைபாதை போட்டாள். மாலைதோறும் பலகை அச்சை நகர்த்தி ஒரு கல் அளவுக்குச் சிமெண்டு ஊற்றிவிட்டு, ஊரடங்குக்கு முன் கதவைச் சாத்திக்கொள்வாள்.

விடிந்தால் புதுக் கல்லில் ஒரு கால்தடம் இருக்கும். ஒரு நாள் வலது, மறுநாள் இடது. இடதில் சுண்டுவிரல் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலையில் செத்துப்போன அவள் புருஷன் காளியண்ணனுக்கும் இல்லை.

“ஆள் நடமாட்டம்னு சோல்ஜருங்க சுட்டுருவானுங்க, அழிச்சிடும்மா,” என்றார் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் மண்டோர்.

“சேத்துல நடக்க அவருக்குப் பிடிக்காதுண்ணே. பாதை போட்டதும் வாராரு லா!” என்று அங்கம்மா சிரித்தாள்.

வாசல் கல்லை ஊற்றிய அன்று அவள் கதவைத் தாழிடவில்லை. காலையில் அடுப்புவரை சிமெண்டுத் தடங்கள். திரும்பிப்போன தடம் ஒன்றுகூட இல்லை.

அங்கம்மா இரண்டு கோப்பி கலக்கினாள்.