காத்து வாங்கும் மாப்பிள்ளை

"என்ன மாப்பிள்ளை, காத்து நல்லா வருதா?"

பேக்கரி வாசலில் பையைக்கூட இறக்கி வைக்காமல் அண்ணன் கேட்டார். நலம் விசாரிக்கிற குரலாக அது இல்லை.

மாப்பிள்ளை கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஒரு ஃபேன். அது போதாதென்று காலடியில் இன்னொரு டேபிள் ஃபேன். போட்டிருந்த பேண்ட்டில் இன்னொரு ஆளையும் நுழைக்கலாம், அவ்வளவு தொளதொளப்பு.

"வாங்க மச்சான்" என்று எழுந்தார்.

"நான் வர்றது இருக்கட்டும். என் தங்கச்சி எங்கே?"

பின்னால் அடுப்பறையில் தகரத் தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் தங்கச்சி தெரிந்தாள். முகம் செக்கச்செவேலென்று வெந்துபோயிருந்தது. முழங்கை வரைக்கும் மாவு. மணிக்கட்டில் தீக்காயம்.

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக்காரர்கள் சொன்னபோது அவர் நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அடுப்பறையில் மாப்பிள்ளை, கல்லாவில் தங்கச்சி என்றுதான் இந்தக் கடை ஓடியது. இப்போது எல்லாம் தலைகீழ்.

"உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் இல்ல மச்சான்..."

"அப்புறம் என்ன? கட்டினவளை நெருப்புல நிக்க வச்சிட்டு உங்களுக்கு ரெண்டு ஃபேன் கேக்குதா?"

"நல்லாக் கேளுங்க சார்" என்றாள் பன் வாங்க வந்த அம்மாள். "நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். வயிறு எரியுது. தம்பி, அதுல இன்னும் ரெண்டு பன் சேர்த்துப் போடுப்பா."

மாப்பிள்ளை பன்னைப் போட்டுக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி மச்சான், நானே உள்ள போறேன்" என்று திரும்பினார்.

"ஒரு அடி எடுத்து வச்சீங்க, இந்தத் தட்டு பறந்து வரும்! உட்காருங்க!"

உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல். மாப்பிள்ளை உட்கார்ந்தார்.

அண்ணன் விடுவிடுவென்று அடுப்பறைக்குள் போனார். சூடு முகத்தில் அறைந்தது.

"துணிமணியை எடு. கிளம்பு."

"ரொட்டி கருகிடும். கொஞ்சம் தள்ளு."

"இனிமே ஒரு நிமிஷம் நீ இங்க நிக்கக் கூடாது."

"நிப்பேன்."

"வேலைக்கு ஆள் வைக்கக்கூடவா வக்கில்ல அந்த ஆளுக்கு?"

"வச்சோம். ஆளுக்குக் கத்துக்குடுக்கிறேன்னு அவரே அடுப்பு முன்னாடி வந்து நின்னுட்டாரு. அதான் ஆளை அனுப்பிட்டு நானே நிக்கிறேன். நான் நின்னாத்தான் அவரை விரட்ட முடியும்."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு விரட்டணும்?"

தங்கச்சி கதவைச் சாத்தினாள். ஒரு கணம் தயங்கினாள். அப்புறம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அண்ணன்கிட்ட பேசுற விஷயம் இல்ல. ஆனா நீ விட மாட்டே, கேட்டுக்கோ. அவருக்கு உயிரணு ரொம்பக் குறைச்சல். டெஸ்ட்ல வந்துச்சு."

அண்ணன் சட்டென்று மாவு மூட்டையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அங்க என்ன பார்வை? ஆம்பளைக்கு விதைங்க உடம்புக்குள்ள இல்லாம வெளியே ஒரு பையில இருக்கறதே குளிர்ச்சிக்காகத்தானாம். உடம்புச் சூட்டைவிட ரெண்டு மூணு டிகிரி கம்மியா இருந்தாத்தான் உயிரணு நல்லா உருவாகுமாம். இவர் பதினஞ்சு வருஷமா இடுப்பு உயரத்துல எரியற அடுப்பு முன்னாடி நிக்கிறாரு. அதுவும் இறுக்கமா ஜீன்ஸ் மாட்டிக்கிட்டு!"

"அ... அதுக்கு?"

"சூட்டை விட்டு விலகி இருக்கணும். புதுசா உருவாகி முதிர்ந்து வர மூணு மாசம் பிடிக்குமாம். சரியாகலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நிச்சயம்னு சொல்லல. ஆனா நான் விடறதா இல்ல. அந்த மூணு மாசமும் முடியற வரைக்கும் அவர் நிழல்கூட இந்த அறையில விழக் கூடாது."

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. அத்தனைக்கும் அடுப்பு மட்டும் காரணமில்லை.

"அடக் கடவுளே! இது தெரியாம நான் அந்த மனுஷனைக் கடைக்கு வந்தவங்க முன்னாடி..." என்று இழுத்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவர்?"

"அவருக்குச் சொல்லிடணும்னுதான் ஆசை. எனக்காக! எம்பொண்டாட்டிக்கு ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்னு நிக்கிறாரு. நான்தான் சத்தியம் வாங்கி வாயைக் கட்டி வச்சிருக்கேன்."

"ஏம்மா? இப்ப பாரு, ஆளாளுக்கு அவரைச் சோம்பேறிங்கறாங்க."

"சொல்லட்டும். அது துடைச்சுப் போட்டுட்டுப் போற சொல்லு. இன்னொண்ணு இருக்கு. அது மனுஷனை உள்ளுக்குள்ளேயே அரிச்சுத் தின்னுடும். அது அவர் காதுல விழவே கூடாது."

"எந்தச் சொல்லு?"

தங்கச்சி அடுப்பிலிருந்து தட்டை இழுத்து மேசைமேல் வைத்தாள்.

"உன் பொண்ணு பொறந்தப்ப நான் ஆசையா தூக்கப் போனேன். குழந்தையை என் கையில குடுக்க வேண்டாம்னு அண்ணிகிட்ட மெதுவா ஒண்ணு சொன்னியே அண்ணே... அந்தச் சொல்லு."