பார்க்காத புத்தகம்

"ஜீரோ!" என்று சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு வட்டம் போட்டார் மகாதேவன்.

டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவர். கல்லூரி விரிவுரையாளர். மாணவர்களின் அசைன்மென்ட்களைத் திருத்திக்கொண்டிருந்தார். எதிரே மனைவி சுந்தரவல்லி. மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான். நாற்பது வயதில் தபால் வழியில் எம்.ஏ. படிக்கிறாள். அவளும் அசைன்மென்ட்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு ஜீரோ?"

"மாதுரின்னு ஒரு பொண்ணு. கட்டுரை நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா கடைசியில போட்ட புத்தகப் பட்டியல்ல ஒண்ணு 1931ல லண்டன்ல வந்தது. டெல்லியில எந்த லைப்ரரியிலயும் கிடையாது. கண்ணால பார்க்காத புத்தகத்தைப் படிச்சதா எழுதறது பித்தலாட்டம் இல்லையா?"

"ஜீரோ போட்டா என்ன ஆகும்?"

"இன்டர்னல்ல ஃபெயில். ஒரு வருஷம் போகும். போகட்டும், அப்பதான் புத்தி வரும்."

அதே வேகத்தில் மனைவியின் தாள்களையும் இழுத்துப் பார்த்தார். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தகவலுக்கும் ஓரத்தில் 'ஃப்ளாக் ஏ பார்க்க', 'ஃப்ளாக் பி பார்க்க'. பின்னால் புத்தகப் பக்கங்களின் ஜெராக்ஸ். அதில் குண்டூசி குத்திய காகிதத் துண்டுகள்.

"வல்லி, இது எம்.ஏ. அசைன்மென்ட்டா, உங்க ஆபீசருக்குப் போற ஃபைலா?"

"பதினெட்டு வருஷப் பழக்கம். ஆதாரத்தைக் கண்ணில காட்டாம எங்க ஆபீஸ்ல ஒரு வரி எழுத முடியாது."

"அச்சா! இங்க அது செல்லாது. முதல்ல சர்நேம், அப்புறம் கமா..."

"நம்ம ஆளுங்களுக்கு ஏது சர்நேம்?"

"அப்பா பேரைப் போடு! அப்புறம் வருஷம், தலைப்பு, ஊர், பதிப்பகம். இரு, மாடலே தரேன்."

அலமாரியிலிருந்து தன் பிஎச்.டி. தீசிஸை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"கடைசி எட்டுப் பக்கம். ஒரு கமா தப்பா இருக்காது."

சுந்தரவல்லி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏங்க, அந்தப் பொண்ணு எழுதின லண்டன் புத்தகம் இதானே?"

மகாதேவன் எட்டிப் பார்த்தார். அதே ஆசிரியர். அதே 1931.

"இதை நீங்க எங்க பார்த்தீங்க? சொன்னா அவளும் போய்ப் பார்த்துக்குவா."

அவர் காது சிவந்துவிட்டது. தீசிஸின் ஒரு பிரதி கல்லூரி லைப்ரரியிலும் இருக்கிறது. 'பட்டியல் எப்படிப் போடணும்னு அதைப் பார்த்துக் கத்துக்கோங்க' என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். மாதுரி அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறாள், பாவம்.

மெதுவாக ஜீரோவைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். கீழே எழுதினார்: 'இந்தப் புத்தகத்தை நானும் பார்த்ததில்லை. இதை எடுத்துவிட்டுப் பட்டியலைத் திரும்ப எழுதி வா. மார்க் போடுகிறேன்.'

முதல் வாக்கியத்தை எழுத மட்டும் ஐந்து நிமிஷம் பிடித்தது. கௌரவம் லேசில் விடுமா? ஆனால் எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

"நல்லவேளை, இன்னிக்காவது உன் கண்ணில பட்டுதே."

"இன்னிக்கா? கல்யாணமான புதுசுல இந்தத் தீசிஸை டைப் அடிச்சதே நான்தானே! பேரைச் சரிபார்க்கணும், அந்த லண்டன் புத்தகத்தைக் கொடுங்கன்னு கேட்டேன். வேற ஏதோ புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைக் காட்டி, 'இதைப் பார்த்து அடி'ன்னீங்க."

மகாதேவன் நிமிர்ந்தார்.

"பதினாறு வருஷமா தெரியுமா? அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"அப்ப அதனால யாருக்கும் ஜீரோ விழலையே!" என்றாள் சுந்தரவல்லி.