சின்ன அடி

"மறுபடியும் அந்தக் கொசுதாண்டா," என்றான் பிரதாப்.

பெங்களூரில் வேலை முடிந்து மாரிக்குப்பம் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிர் சீட்டிலிருந்து சிரில் எட்டிப் பார்த்தான். பிரதாப்பின் போனில் வாள்சண்டை. அவனுடைய வீரன் வாளை ஓங்குவதற்குள், எதிராளி டக் டக்கென்று சின்னச் சின்னதாகக் குத்திவிட்டு விலகிக்கொண்டிருந்தான்.

மாலூர் தாண்டுவதற்குள் பிரதாப்பின் வீரன் மண்ணில் கிடந்தான்.

"தினமும் இதே நேரத்துக்கு வந்து என்னைத்தான் சண்டைக்கு இழுக்கிறான். ஒரு தடவையாவது ஓங்கி அடிக்கிறானா பாரு. கோழைப் பய."

"ஊரு இன்னா போட்டிருக்குது?"

"நம்ம கேஜிஎஃப்தான்."

"அப்ப நந்திதுர்க் பக்கம் எவனாவது பள்ளிக்கூடத்துப் பையனா இருப்பான். ஹோம்வொர்க் செய்யாம உன்னைக் குத்திக்கிட்டு கீறான்."

தோற்றவனுக்குக் கொஞ்ச நேரம் ஆட்டம் திறக்காது. பிரதாப் வெறுப்போடு ஆட்டத்தை மூடினான். உடனே போன் அடித்தது. மனைவி.

"இன்னா தாரா?"

"ஒண்ணுமில்லீங்க. பாப்பா இன்னிக்குத் தானாவே குப்புற விழுந்துச்சு. அதான்..."

"அதுக்கா போன்? வூட்டுக்கு வந்து பார்த்துக்கறேன். இங்க டவரே இல்ல."

வைத்துவிட்டான். சிரில் சிரித்தான்.

"சிரிக்காதடா. நான் கடுப்புல இருக்கிற நேரமாப் பார்த்துத்தான் கூப்பிடுவா. நேத்து கேஸ் தீர்ந்துபோச்சாம். முந்தாநேத்து ஓட்டு மேல ஏதோ சத்தமாம். எதுக்கெடுத்தாலும் பயம். அதனாலதான் ஆட்டம் ஓடும்போது எந்த போனும் வராத மாதிரி செட்டிங் போட்டு வச்சிருக்கேன்."

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டுத் தனியா கீறாங்க இல்ல, மச்சி," என்றான் சிரில். பிறகு அவனுக்கும் ஆட்டம்தான் முக்கியமாகப் பட்டது. "அத்த வுடு. கொசுவை எப்படி அடிக்கிறதுன்னு நான் சொல்றேன்."

"சொல்லு."

"அவன் குத்தும்போது நீ திருப்பி அடிக்கப் பார்க்கிற. அதான் தப்பு. உன் வாள் மேல போறதுக்குள்ள அவன் இன்னும் ரெண்டு போட்டுடறான். நீ அடிக்காத. கேடயத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு சும்மா நில்லு. சின்ன அடி கேடயத்துல பட்டா உனக்கு ஒண்ணும் ஆகாது. குத்திக் குத்தி அவனுக்குத்தான் மூச்சு வாங்கும். கை நிக்கும். அப்ப போடு, ஒரே அடி."

"நான் சும்மா நின்னா அவன் ஓங்கி அடிச்சிட்டான்னா?"

"அடிக்க மாட்டான். ஓங்கி அடிக்க ரெண்டு கட்டைவிரலும் வேணும். சின்ன அடிக்கு ஒரு விரல் போதும். சோம்பேறிடா அவன்."

மறுநாள் மாலை. ரயில் ஒயிட்ஃபீல்டு தாண்டியதுமே கொசு வந்துவிட்டது.

பிரதாப் கேடயத்தைத் தூக்கினான். டக் டக் டக். அசையவில்லை. டக் டக் டக் டக்.

"இன்னாடா இது, வெறி புடிச்ச மாதிரி வரான்?"

"வரட்டும். நீ கேடயத்தை இறக்காத."

அடிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒன்றிலும் வலுவில்லை, ஆனால் அவை நிற்கவும் இல்லை. கடைசியில் கொசுவின் கை தளர்ந்தது. வாள் தாழ்ந்தது.

"இப்பப் போடு."

பிரதாப் இரண்டு கட்டைவிரலையும் அழுத்தி ஓங்கி இறக்கினான். கொசு சுருண்டு விழுந்தது.

பக்கத்து சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சிரில் முதுகில் தட்டினான். பிரதாப் அப்புறம் யாரிடமும் தோற்கவில்லை. அவர்கள் இறங்கும் சாம்பியன் ஸ்டேஷன் வரும்வரை ஆட்டத்தை மூடவே இல்லை. கொசுவும் திரும்பி வரவில்லை.

"பயந்து ஓடிட்டான்," என்று சொல்லிக்கொண்டே பிளாட்பாரத்தில் இறங்கி ஆட்டத்தை மூடினான்.

எடுக்காத அழைப்புகள் திரையில் வரிசையாக விழுந்தன. தாரா. தாரா. தாரா. அப்புறம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா.

அவன் தாராவைக் கூப்பிட்டதும் சரோஜா அக்காதான் எடுத்தாள்.

"எங்கப்பா போயிட்ட? பாப்பாவுக்கு ஜொரம் ஏறி வலிப்பு வந்துடுச்சு. உனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்துட்டு, அப்புறந்தான் அந்தப் பொண்ணு எங்கிட்ட ஓடியாந்துச்சு. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டோம். ராபர்ட்சன்பேட்டைக்கு வா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. பிஞ்சுக் கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். இனி பயமில்லை, இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் வலிப்பு வராமலே பார்த்திருக்கலாம் என்றாள் நர்ஸ்.

தாரா நிமிர்ந்து பார்த்தாள். தினமும் சொல்வதையே பிரதாப் சொன்னான்.

"ரயில்ல டவர் இல்ல, தாரா."

"இருந்துச்சுங்க," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. பாப்பாவின் நெற்றியில் இருந்த ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள். "ஆட்டத்துல தோத்தாத்தானே உங்களுக்கு என் போன் வரும். ஜொரம் ஏற ஏற எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இன்னிக்கும் எப்படியாவது உங்களைத் தோக்கடிச்சிடலாம்னுதான் பார்த்தேன். பாப்பாவ ஒரு கையில வச்சுக்கிட்டு, ஒரு விரலால எவ்ளோதாங்க அடிக்க முடியும்?"