அப்பா பக்கத்துப் புள்ளி

“அது நான்தான்னு எத்தினி தடவ சொல்றது? காது கேக்கலியா உனக்கு?”

குமாரசாமி போட்ட சத்தத்தில், ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“நீ கத்திட்டா ஆச்சா? அப்பா பக்கத்துல நிக்கிறது நானு!” ஏலவார்குழலியும் விடவில்லை.

அண்ணனுக்கும் தங்கைக்கும் அறுபதை நெருங்கும் வயசு. சண்டையோ கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த ஒரு சின்னக் கறுப்புப் புள்ளிக்காக.

ஸிந்துஜாவுக்குத் தலையை வலித்தது.

ஐம்பதுகளின் கடைசியில் விமானத்திலிருந்து காஞ்சிபுரத்தைப் படம் பிடித்திருந்தார்கள். இத்தனை காலம் பெட்டிக்குள் கிடந்த அந்த பிலிம்களை இப்போது, 2004-ல், ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, யார் வந்து கேட்டாலும் திரையில் காட்டுகிறார்கள். நூலக மாடியில் அதற்கென்று ஓர் அறை. ஸ்கேன் செய்வதும் காட்டுவதும் ஸிந்துஜாவின் வேலை.

இவர்களுடைய தெரு விழுந்திருந்த படம், விமானம் தாழப் பறந்தபோது எடுத்தது. விடிந்த நேரம். தெரு நீளத்துக்கும், தறியில் ஏற்றுவதற்கான பாவு நூல் விரித்துக் கட்டியிருந்தது, வெள்ளைக் கோடு இழுத்தாற்போல. அதன் முனையில் ஒரு பெரிய புள்ளி. பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்னப் புள்ளி.

பெரிய புள்ளி அவர்களுடைய அப்பா. அதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

“எங்க வீட்டு வாசல்ல பாவு கட்டினா, முனையில எங்கப்பாதான் நிப்பாரு. வேற யாரையும் விடமாட்டாரு” என்று முதல் நாளே சொன்னாள் ஏலவார்குழலி. “அடுத்த வருஷமே போய்ட்டாரும்மா. அவர யாரும் போட்டோ எடுத்ததில்ல. இது ஒண்ணுதான்.”

ஊரில் எல்லாரும் பழைய தெருவைப் பார்க்க வந்தது போலத்தான் அவளும் திருப்புட்குழியிலிருந்து வந்தாள். அன்றைக்கென்று அண்ணனும் வந்திருந்தார். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்று வந்த சண்டையில் வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லை. நல்லது கெட்டது எதற்கும் ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதித்ததில்லை.

அத்தனை வருஷம் கழித்துத் தங்கையிடம் குமாரசாமி பேசிய முதல் வார்த்தையே, “அது நானு” என்பதுதான்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. வருவார்கள், அந்தப் படத்தைப் போடச் சொல்வார்கள், கத்துவார்கள்.

“உனக்குத் தறிச் சத்தம் கேட்டாத்தான் முழிப்பே வரும். விடியக்காத்தால நீ எங்க தெருவுக்கு வந்த?” என்றாள் தங்கை.

“பொட்டப் புள்ளைய யாருடி பாவுகிட்ட விட்டாங்க?”

“அப்பா விட்டாரு! இழை அறுந்தா என்னத்தான் கூப்புடுவாரு. என் விரலுதான் சின்னதுன்னு…” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவரோட நான் நிக்கிறது இது ஒண்ணுதான். அதயும் புடுங்கிக்கிறியே.”

“அழுதா மட்டும் அது நீ ஆயிடுவியா?” என்றார் அவர், திரையைப் பார்த்துக்கொண்டே.

ஏலவார்குழலி விருட்டென்று எழுந்தாள். “வர வெள்ளிக்கெழமயும் வருவேன். நான் விடமாட்டேன்.”

அவள் படி இறங்கியதும் முரளீதரன் ஸிந்துஜாவைக் கூப்பிட்டார். நூலகத்தின் பொறுப்பாளர் அவர்.

“இது லைப்ரரிம்மா. அந்த ஒரு படத்தை மட்டும் இன்னும் நுணுக்கமா ஸ்கேன் பண்ணி, யாருன்னு காட்டி முடிச்சு வை. இல்லன்னா ரெண்டு பேரையும் வர வேண்டாம்னு சொல்லிடு.”

யாரென்று காட்டி முடித்துவிடத்தான் ஸிந்துஜாவும் நினைத்திருந்தாள். பெற்ற அப்பா பக்கத்தில் நிற்கக்கூடத் தங்கைக்கு இடம் கொடுக்காத மனுஷன். நல்ல மனுஷன்தான்!

பிலிமைத் துடைத்து, மெஷினில் எவ்வளவு நுணுக்கமாக எடுக்க முடியுமோ அவ்வளவு நுணுக்கமாக எடுத்தாள். ஆள் அப்போதும் புள்ளிதான். ஆனால் காலை வெயிலில் நிழல் நீளமாக விழுந்திருந்தது. சின்னப் புள்ளியின் நிழல், இடுப்புக்குக் கீழே குடை மாதிரி விரிந்திருந்தது.

பாவாடை.

அடுத்த வெள்ளிக்கிழமை குமாரசாமி வழக்கம்போல முன்னாடியே வந்து, ஜன்னலோரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இங்க வாங்க” என்றாள் ஸிந்துஜா. குரலில் கொஞ்சம் வேகம் இருந்தது. “நல்லாப் பாருங்க. பாவாடை நிழல். நிக்கிறது உங்க தங்கச்சி.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார். கத்துவார் என்று ஸிந்துஜா எதிர்பார்த்தாள்.

“எவ்ளோ தெளிவா இருக்குது” என்றார். திரையைத் தொடப் போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “ஒல்லியா நிக்கிறா பாரு.”

“இனிமேலாவது ஒத்துக்குவீங்களா?”

“எனக்குத் தெரியும்மா. எனக்கு அப்போ அம்மை போட்டிருந்தது. உள்ள படுத்துக்கினு இருந்தேன். மேல ஏரோப்ளேன் போற சத்தம் மட்டும் கேட்டுது. எட்டிப் பாக்கக்கூட அம்மா விடல.”

ஸிந்துஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “தெரிஞ்சுக்கிட்டேவா சார் அவங்கள அப்படி அழ வச்சீங்க?”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குமாரசாமி அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

“இதை அவகிட்ட காட்டிடாதம்மா. அது அவதான்னு நான் ஒத்துக்கினா, வர வெள்ளிக்கெழம அவ எதுக்கு பஸ் ஏறி வருவா?”