வருஷக் கட்டணம்

வருஷக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்ததும், தேவநாயகி தன் நீல கிரெடிட் கார்டை மேஜைமேல் வைத்தாள், பக்கத்தில் கத்தரிக்கோலையும். பிறகு வங்கிக்கு போன் போட்டாள்.

கார்டு நடுங்கியது. “அண்ணே, இந்தத் தடவை வெட்டிடுவாங்களோ?”

“ஏழு வருஷமா இதே கூத்துதானே,” என்றது கத்தரிக்கோல். “கார்டே வேண்டாம்னு இவங்க மிரட்டுவாங்க. பேங்க்காரன் கெஞ்சி, கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணுவான். நான் டிராயருக்குப் போயிடுவேன்.”

“பர்ஸுல வேற பேங்க் கார்டு ஒண்ணு புதுசா வந்திருக்குண்ணே.”

தேவநாயகி போனில் சொன்னாள்: “மத்த பேங்க்ல இலவசமாவே தர்றாங்க. உங்க கார்டு எனக்கு வேண்டாம்.”

“சரிங்க மேடம், க்ளோஸ் பண்ணிட்டோம். வெட்டிப் போட்டுடுங்க.”

அவள் சற்று நேரம் போனையே பார்த்தாள்.

“அண்ணே,” என்றது கார்டு.

கத்தரிக்கோலின் வளையங்களுக்குள் அவள் விரல்கள் நுழைந்துகொண்டிருந்தன.