மரகதம் இறங்காத கடல்

மரகதவல்லியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய சிறுவயதுத் தோழி சிவகாமி பிறந்த ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். படத்தின் முன் அழுது ஓய்ந்தவள், "சின்னதுல நான் கிணத்துல முங்கிட்டேன். இவதான் குதிச்சு என்னைத் தூக்கினா. இவள மாதிரி நீந்த எங்க ஊர்ல ஆம்பளையே கிடையாது" என்றாள்.

கணவர் சிதம்பரநாதனின் கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியது. அவருக்குச் சுட்டதாகவே தெரியவில்லை.

திருச்செந்தூருக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கடலில் கும்மாளமிட, மரகதம் மட்டும் எல்லோருடைய துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருப்பாள். பேத்தி கையைப் பிடித்து இழுத்தாலும், "ஆச்சிக்குத் தண்ணின்னா பயம்ட்டி" என்பாள்.

"வேற யாரையோ நெனச்சுச் சொல்லுதீங்க சித்தி" என்றான் மகன்.

"என்னைக் காப்பாத்துனவள எனக்குத் தெரியாதாய்யா?"

மகள் கோமதி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "கடல்ல இறங்கணும்னு அம்மா என்னைக்காவது உங்ககிட்ட கேட்டிருக்காளாப்பா?"

சிதம்பரநாதன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா" என்றார். "கல்யாணமான புதுசுல. ஒரே ஒரு தடவ."