கடைசித் தொட்டியின் கப்பி மீன்

சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்தமாகி வந்து விழும் கடைசித் தொட்டியில், தண்ணீரைச் சோதிக்க ஒரு கப்பி மீனை விட்டிருந்தார்கள். அது நிறைமாதக்காரி.

“எம் பிள்ளைங்க இதுல பிழைக்குமா அண்ணே? செவுள் எரியுதே!” என்று தொட்டிக்குத் தண்ணீர் அனுப்பும் வடிகட்டியிடம் அழுதது.

“தண்ணீர் சுத்தம்னு நான்தான் சொல்லியாச்சே. அப்புறம் என்ன எரிச்சல்?” என்று சுவரில் தொங்கிய சான்றிதழ் அதட்டியது.

“எரியறது அவளுக்குய்யா, உனக்கில்லை,” என்ற வடிகட்டி, இன்னொரு அடுக்கு மணலைப் போட்டுக்கொண்டது. “இப்ப எப்படி தங்கச்சி?”

“கண்ணு மட்டும் உறுத்துதுண்ணே.”

மறுநாள் வடிகட்டி ஓர் அடுக்குக் கரியும் சேர்த்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை விடியலில் தொட்டி முழுக்க இருபது குஞ்சுகள் துள்ளின. “ஆண்டவனே!” என்று தாய் வாலடித்து ஆடியது.

“எல்லாம் என்னாலதான்!” என்றது சான்றிதழ்.

வடிகட்டி குஞ்சுகளிடம் கேட்டது: “கண்ணுங்களா, உங்களுக்கு எங்கேயாச்சும் எரியுதா?”